பத்து நாள் ஒப்பந்தம்

எங்கள் பள்ளிப்பட்டு வட்டாரத்தில் நெசவு நெடுங்காலத் தொழில். சொந்தத் தறியும் சொந்த நூலும் உடையவர் சிலர். பிறர் தறியில் அமர்ந்து, பிறர் கொடுத்த பாவைக் கூலிக்கு நெய்து தருபவர் பலர். இப்பலரைக் கைத்திறன் குறைந்தவர் என்று எண்ணிவிடலாகாது. இரு சாராரும் நெய்த துணிகளைக் கடையில் ஒன்றாக அடுக்கி வைத்தால் எது எவருடையது என்று காண்பது அரிது. வேறுபாடு துணியில் இல்லை, வாழ்க்கையில் இருக்கிறது. பாவு முடிந்தால் கூலி வரும். அடுத்த பாவு எந்தத் தெருவில் என்பது பிறகுதான் தெரியும்.

விளையாட்டையே பிழைப்பாகக் கொண்டவர்களிலும் இத்தகைய கூலி நெசவாளர் உண்டு. செய்தித்தாளில் படத்தோடு இடம்பெறுபவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவர்களுக்குப் பின்னால், இந்த ஆண்டு ஒரு நகரம், அடுத்த ஆண்டு வேறொரு நாடு என்று பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகப் பல ஆண்டுகள் ஆடி ஓய்பவர் மிகப் பலர். மாணவர்களாகிய உங்களுள் சிலர், பள்ளி மணி அடித்ததும் கூடைப்பந்தை எடுத்துக்கொண்டு ஆடுகளத்துக்கு ஓடுகிறீர்கள். 'இதுவே என் தொழில்' என்று நெஞ்சுக்குள் சொல்லிக்கொள்பவரும் உங்களுள் இருப்பர். அத்தொழில் எவ்வாறு நடைபெறுகிறது, அதில் கூலி எவ்வளவு, ஒரு பாவு எத்தனை நாளைக்கு என்பவற்றை விளக்குவதே என் நோக்கம்.

கூடைப்பந்தாட்டம் மிகப் பழைய விளையாட்டன்று. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்க நாட்டில் ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில், கிறித்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் இதனை அமைத்தார். பனிக்காலத்தில் மாணவரைக் கட்டடத்துக்குள்ளேயே ஓடியாட வைக்க வேண்டும். அதற்கு அவர் கொண்ட மூலதனம் இரண்டு பழக்கூடைகளும் 13 விதிகளுமே. அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் சென்னையில் உடற்கல்விப் பள்ளியொன்றைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்று விளங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுவே. நான் பணியாற்றிய சிற்றூர்ப் பள்ளியொன்றிலும் செம்மண் தரையில் இரு கம்பங்கள் நட்டு, வலையில்லாத இரும்பு வளையத்தை மாட்டியிருந்தார்கள். வலையில்லாத வளையத்தில் பந்து உள்ளே விழுந்ததா, வெளியே போனதா என்று நாள்தோறும் ஒரு வழக்கு எழும். தீர்ப்புக்காகத் தலைமையாசிரியர் அறைக்கு வந்து நிற்பார்கள்!

இனி, கரும்பலகையில் போடத்தக்க ஒரு கணக்கு. அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துச் சங்கம், அதாவது என்.பி.ஏ., உலகில் மிகுந்த ஊதியம் தரும் கூடைப்பந்து அமைப்பாகும். அதில் 30 அணிகள். முழு ஒப்பந்தத்தோடு ஓர் அணி வைத்துக்கொள்ளத்தக்க ஆட்டக்காரர் 15 பேர். எனவே, உலகம் முழுவதற்கும் சேர்த்து அங்குள்ள இடங்கள் 450. ஆண்டுதோறும் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏலம் போன்ற ஒரு முறையும் உண்டு. அதற்கு 'டிராப்ட்' என்று பெயர். 2015இல் அம்முறையில் பெயர் கூறி அழைக்கப்பட்டவர் 60 பேர். அழைக்கப்பட்ட அனைவரும் ஆடிவிடுவதில்லை. அழைக்கப்படாதவர் அனைவரும் வீட்டுக்குத் திரும்பிவிடுவதும் இல்லை. பெரிய சங்கத்துக்குக் கீழே, 2001இல் தோன்றிய துணைச் சங்கம் ஒன்று இருக்கிறது. முன்னர் டி-லீக் என்றும், 2017 முதல் ஜி-லீக் என்றும் அதற்குப் பெயர். காத்திருப்போர் கூடம் என்று அதனைச் சொல்லலாம்.

காத்திருப்போரைப் பெரிய அணி ஒன்று அழைக்கும் வழிகளில் வேடிக்கையானது 'பத்து நாள் ஒப்பந்தம்' என்பது. அணியில் எவருக்கேனும் காயம் பட்டாலோ, ஓரிடம் வெறுமையாயினாலோ, ஜனவரி 5ஆம் நாளுக்குப் பின் ஒருவரைப் பத்து நாளைக்கு, அல்லது மூன்று ஆட்டங்களுக்கு, இவற்றில் எது நீண்டதோ அதற்கு, அமர்த்திக்கொள்ளலாம். ஒரு பருவத்தில் ஒரே அணி ஒரே மனிதரை இருமுறை இவ்வாறு அழைக்கலாம். மூன்றாம் முறை வேண்டுமானால் பருவம் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும். இன்றேல் விடைகொடுக்க வேண்டும். பத்து நாளில் ஒரு மனிதன் தன் முழு வாழ்க்கைத் திறனையும் காட்டியாக வேண்டும். நம் ஆண்டுத் தேர்வுகூட இத்துணைக் கடுமையானதன்று.

இந்த ஒப்பந்தத்தைப் பெற்றவர்களுள் நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவர் சிம் புல்லர். பஞ்சாபிலிருந்து கனடாவில் குடியேறிய பெற்றோருக்கு 1992இல் டொரான்டோவில் பிறந்தவர். உயரம் ஏழடி ஐந்தங்குலம். நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்து அணியில் ஆடிவிட்டு, 2014 டிராப்டில் பெயர் கொடுத்தார். எவரும் அழைக்கவில்லை. மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே தலைமை உரிமையாளராயிருந்த சேக்ரமென்டோ கிங்ஸ் அணி அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆனால் பருவம் தொடங்கும் முன்னரே அக்டோபரில் விடுவித்துவிட்டது. அவர் ரீனோ நகரத்துத் துணைச் சங்க அணியில் சேர்ந்து ஆடினார். 2015 ஏப்ரல் 2ஆம் நாள் அதே கிங்ஸ் அணி அவரைப் பத்து நாளைக்கு அழைத்தது.

ஏப்ரல் 7ஆம் நாள், மின்னசோட்டா அணியோடு ஆட்டம். ஆட்டம் முழுதும் புல்லர் விசிப்பலகையில் அமர்ந்திருந்தார். அரங்கிலிருந்தோர் அவர் பெயரைச் சொல்லி முழங்கினர். ஆட்டம் முடிய 16 வினாடிகள் எஞ்சியிருந்தபோது அவர் களத்தில் இறக்கப்பட்டார். இந்திய வம்சாவளியினருள் என்.பி.ஏ. களத்தில் முதன்முதல் ஆடியவர் என்று உலகச் செய்தித்தாள்கள் எழுதின. அந்தப் பத்து நாளில் அவர் ஆடியவை மூன்று ஆட்டங்கள். எடுத்த புள்ளிகள் இரண்டு. ஒப்பந்தம் முடிந்தது. அந்தச் சங்கத்தின் களத்தில் அவர் மீண்டும் இறங்கவில்லை.

'இதற்காகவா இத்தனை பாடு?' என்று நீங்கள் கேட்கலாம். ஊதியக் கணக்கைப் பாருங்கள். அப்பருவத்தில் புதியவருக்குரிய குறைந்த அளவு ஊதியம் ஆண்டுக்கு 5,07,336 டாலர். அதில் பத்து நாளுக்குரிய பங்கு ஏறத்தாழ 30,000 டாலர். அன்றைய மதிப்பில் 18 லட்சம் ரூபாய்க்கு மேல். துணைச் சங்கத்திலோ, அப்போது பருவம் முழுமைக்கும் ஊதியம் 13,000 டாலர் முதல் 25,000 டாலர் வரையில் மட்டுமே. காத்திருப்போர் கூடத்தில் ஒரு பருவம் முழுதும் உழைத்துப் பெறுவதைக் காட்டிலும், உள்ளே பத்து நாள் விசிப்பலகையில் அமர்ந்திருந்தால் கிடைப்பது மிகுதி! துணைச் சங்கத்தில் இளைஞர்கள் ஏன் முட்டி மோதுகிறார்கள் என்பது இப்போது விளங்கும். பெயரும் புகழும் ஒருபுறம் இருக்கட்டும். வீட்டு வாடகையும் இதில் அடங்கியிருக்கிறது.

புல்லரின் வரலாறு அந்த 16 வினாடிகளோடு முடிந்துவிடவில்லை. செய்தித்தாள்கள் அங்கேயே நிறுத்திக்கொண்டன. எனக்கு அதற்குப் பிந்தைய பகுதியே சுவையானது. அவர் டொரான்டோவைச் சார்ந்த துணைச் சங்க அணியில் ஒரு பருவம் ஆடினார். பின்னர், 2016இல், கடல் கடந்து தைவான் தீவுக்குச் சென்று டாசின் டைகர்ஸ் என்னும் அணியில் சேர்ந்தார். அமெரிக்காவில் உயரமானவர் பலருள் ஒருவராயிருந்தவர், அங்கே எதிரணி முழுவதும் சேர்ந்து தடுக்க வேண்டிய மலையாகிவிட்டார். சீனப் பெருநிலத்திலும் ஆடினார். தைவானிலேயே வேறு அணிகளுக்கும் மாறினார். தொலைக்காட்சியில் உலகம் அவரைக் காணவில்லை. ஆயினும் ஒரு தொழிலாளி தன் தொழிலை ஆண்டுக்கணக்காகச் செய்து உண்டார் என்பது சிறு செய்தியா? 'தோற்றுத் திரும்பியவர்' என்று அவரைப் பற்றி எழுதியவர்களைக் கண்டால் எனக்குச் சற்றுச் சினமே உண்டாகிறது.

உயரமானவருக்கே இத்தொழில் என்று எண்ண வேண்டா. ஆறடி உயரமே உடைய இஷ் ஸ்மித் என்னும் அமெரிக்கர், 2010 டிராப்டில் அழைக்கப்படாதவர், என்.பி.ஏ.யில் 13 வெவ்வேறு அணிகளுக்கு ஆடினார். அத்தனை அணிகளுக்கு ஆடியவர் அவருக்கு முன் எவரும் இலர். பதின்மூன்றாவது அணியான டென்வர் 2023இல் வாகை சூடியபோது அவரும் அதில் ஒருவர். ஓர் அணி அவரை விடுத்தது என்றால், மற்றோர் அணி வேண்டியது என்றும் பொருள்.

புல்லர் 16 வினாடி ஆடிய அதே 2015ஆம் ஆண்டில், ஜூன் 25ஆம் நாள், பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்து பல்லோ கே என்னும் சிற்றூரில் பிறந்த சத்னாம் சிங்கை டல்லாஸ் மாவெரிக்ஸ் அணி 52ஆம் பெயராக அழைத்தது. இந்தியாவில் பிறந்து டிராப்டில் அழைக்கப்பட்ட முதல்வர் அவர். வயது 19, உயரம் ஏழடி இரண்டங்குலம். உழவர் வீட்டுப் பிள்ளையாகிய அவர் லூதியானாவிலுள்ள கூடைப்பந்துக் கழகத்துக்குச் சிறுவனாக வந்தார். அங்கே அவரை வளர்த்தவர் சங்கரன் சுப்பிரமணியன் என்னும் பயிற்சியாளர். மாணவனின் பெயர் அமெரிக்காவில் அழைக்கப்படுவதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை, 2013இலேயே மறைந்துவிட்டார். ஆசிரியத் தொழிலில் இருந்தவர்களுக்கு இந்தச் செய்தி எத்தகையது என்று நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சத்னாம் 2010இல், தேர்ந்தெடுக்கப்பட்ட வேறு சில இந்தியச் சிறுவர் சிறுமியரோடு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள ஐ.எம்.ஜி. பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். போனபோது ஆங்கிலம் பெருந்தடையாக நின்றது. அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஆடுவதற்குக் கையில் பந்து இருந்தால் மட்டும் போதாது. கல்வித் தகுதியும் காட்ட வேண்டும். அந்த வழி அவருக்குத் திறக்கவில்லை. ஆதலின் நேரே டிராப்டுக்குப் பெயர் கொடுத்தார். அழைப்பு வந்தது. ஆனால் டல்லாஸ் அணியின் பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. துணைச் சங்கத்தின் டெக்சாஸ் லெஜன்ட்ஸ் அணியில் இரு பருவங்கள், பெரும்பாலும் விசிப்பலகையில் கழிந்தன. 2017இல் இந்தியா திரும்பினார். பின்னர்க் கனடாவில் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணியில் ஒரு பருவம் ஆடினார். 2019 இறுதியில் ஊக்கமருந்துச் சோதனையில் தடைசெய்யப்பட்ட பொருள் ஒன்று காணப்பட்டதால் இரண்டாண்டுத் தடை விதிக்கப்பட்டது. 2021இல் அமெரிக்கத் தொழில்முறை மற்போர் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து வேறொரு தொழிலுக்கு மாறிவிட்டார்.

இவ்விருவரையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். அழைக்கப்படாதவர் ஆடினார், அழைக்கப்பட்டவர் ஆடவில்லை. ஊடகங்கள் டிராப்டு நாளைத் திருமண நாள்போல் கொண்டாடுகின்றன. தொழில் அந்த நாளில் தொடங்கவும் இல்லை, உறுதியாகவும் இல்லை.

நம் இந்திய ஆட்டக்காரர் அயல்நாட்டில் தொடர்ந்து தொழில் செய்வது ஏன் கடினம் என்று கேட்பீர்கள். திறமைக் குறைவு மட்டுமே காரணமன்று. 2014 ஜூலையில், சீனாவின் வூகான் நகரில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய அணி சீன அணியை 65-58 என்ற புள்ளிக்கணக்கில் அவர்கள் மண்ணிலேயே வென்றது. அந்த அணியில் ஆடிய அம்ஜோத் சிங்கும் அம்ரித்பால் சிங்கும் மறு ஆண்டே ஜப்பானில் டோக்கியோ எக்சலன்ஸ் அணிக்கு ஆடச் சென்றார்கள். அம்ரித்பால் 2017இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணிக்குப் போனார். அதே ஆண்டில் அம்ஜோத் அமெரிக்கத் துணைச் சங்கத்தின் ஓக்லஹோமா சிட்டி புளூ அணியில் இடம்பெற்று, பிறகு விஸ்கான்சின் அணிக்கு மாறினார். திறமைக்கு இவர்கள் சான்று.

ஆனால் ஒரு கணக்கு இவர்களுக்கு எதிராக நிற்கிறது. பெரும்பாலான நாடுகளில் ஓர் அணி இத்தனை அயல்நாட்டாரையே வைத்துக்கொள்ளலாம் என்று வரம்பு உண்டு. இரண்டு அல்லது மூன்று இடங்கள்தாம். அந்த இடத்தில் அணித்தலைவர்கள் அமெரிக்கரையே வைக்க விரும்புவர். பணம் கொடுத்து வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்தால், அவரே புள்ளிகளில் பெரும்பகுதியை எடுத்துத்தர வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. எனவே இந்திய இளைஞர் ஒருவர் ஜப்பானிலோ தைவானிலோ போட்டியிடுவது அந்நாட்டு இளைஞரோடு அன்று. அந்த ஓரிரு இடத்துக்காகக் காத்து நிற்கும் அமெரிக்கரோடு. ஒரு விதி மாறினால் தொழிலே மாறும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 2020இல் ஜப்பானிய லீக், ஆசிய நாடுகள் சிலவற்றைச் சேர்ந்தவர்க்கென ஒரு தனியிடம் ஒதுக்கியது. பிலிப்பைன்ஸ் நாட்டு இளைஞர் அவ்வழியே ஒருவர்பின் ஒருவராக ஜப்பானுக்குச் சென்றனர். அவர்கள் ஓராண்டில் திடீரென்று உயரம் வளர்ந்துவிடவில்லை. கதவு திறந்தது, அவ்வளவே.

உள்நாட்டில் ஊதியத்தோடு கூடிய லீக் நிலைத்திருக்குமானால் வெளியே போக வேண்டிய தேவை குறையும். 2015இல் யூ.பி.ஏ. என்னும் பெயரால் அப்படியொன்று தொடங்கிச் சென்னைக்கும் ஓர் அணியை அளித்தது. சில பருவங்களில் நின்றுபோயிற்று.

அப்படியானால் நம் ஆட்டக்காரர் எவ்வாறு உண்டு உடுத்தார்கள்? இங்கேதான் நம் நாட்டு வழி வேறுபடுகிறது. சென்னையில் தென்னக இரயில்வே, பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமானவரித் துறை முதலியவை கூடைப்பந்து அணிகளை வைத்து வளர்த்திருக்கின்றன. ஆட்டக்காரருக்கு அங்கே கிடைப்பது ஒப்பந்தமன்று, உத்தியோகம். எழுத்தராகவோ பயணச்சீட்டுப் பரிசோதகராகவோ பணியமர்த்தம் நடைபெறும். பயிற்சிக்கும் போட்டிக்கும் சலுகை உண்டு. முழங்கால் தேய்ந்து ஆட்டம் நின்ற பிறகும் மாதச் சம்பளம் நிற்காது. கூடைப்பந்துக்காரனின் முழங்கால் முப்பத்தைந்து வயதில் முதுமையடைந்துவிடுகிறது. மனிதனுக்கோ அதற்குமேல் இன்னொரு முப்பத்தைந்து ஆண்டு சோறு வேண்டும்.

அரைக்காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம் என்னும் பழமொழியைச் சொல்லி நம் பெரியோரை நகையாடுவது இன்று வழக்கமாகிவிட்டது. நான் நகையாட மாட்டேன். அனிதா பால்துரை என்னும் சென்னை மங்கையைப் பாருங்கள். தென்னக இரயில்வேயில் பணிபுரிந்துகொண்டே, 2001 முதல் 2017 வரையில் ஆசிய மகளிர் கூடைப்பந்துப் போட்டிகள் ஒன்பதில் தொடர்ந்து இந்தியாவுக்கு ஆடினார், இடையே தாயுமானார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பருவத்துக்குப் பருவம் அடுத்த ஒப்பந்தம் எங்கே என்று தேடித் திரிந்திருந்தால் இத்தனை ஆண்டுகள் அவரால் ஆடியிருக்க முடியுமா என்பது ஐயமே. ஆனால் இந்த வழிக்கும் ஒரு விலை உண்டு. வேலை நிலையானால் பசி தணிகிறது. பசியோடு வேகமும் தணிந்துபோவதைச் சிலரிடம் கண்டிருக்கிறோம். மேலும், ஆண்டுதோறும் திறக்கும் இடங்கள் மிகச் சிலவே. மாவட்ட அளவில் பதக்கம் வாங்கிய பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த நாற்காலி கிடைத்துவிடாது. பந்தைப் பிடுங்கிப் பரணில் போடும் பெற்றோரும், பாடப்புத்தகத்தைப் பரணில் போடும் பிள்ளையும், இந்த எண்ணிக்கையை முதலில் அறிந்துகொண்டால் வீட்டில் சண்டை பாதியாகக் குறையும்.

ஒருவேளை உங்களுள் ஒருவருக்கு அயல்நாட்டிலிருந்து ஒப்பந்தத் தாள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தொகை எழுதிய பக்கத்தை எல்லாரும் படிப்பர். உறுதி செய்யப்பட்ட ஒப்பந்தமா, இல்லையா என்று எழுதிய பக்கத்தைப் படிப்பவர் குறைவு. உறுதியில்லாத ஒப்பந்தமாயின், பருவம் தொடங்கும் முன்னரே உங்களை விடுவித்துவிடலாம். புல்லருக்கு 2014 அக்டோபரில் நேர்ந்தது அதுவே. காயம் பட்டால் மருத்துவச் செலவு எவருடையது, ஊர் திரும்பும் விமானச் சீட்டு எவருடையது என்பவையும் அத்தாளில் இருக்க வேண்டும். ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு ஆடப்போகிறவர், தம் நாட்டுக் கூட்டமைப்பின் அனுமதிக் கடிதம் இல்லாமல் களத்தில் இறங்க முடியாது. இடைநின்று ஒப்பந்தம் பேசும் முகவருக்கு உலகக் கூட்டமைப்பின் உரிமம் உண்டா என்றும் பார்க்க வேண்டும். பேசிய ஊதியத்தைத் தராமல் ஏய்க்கும் அணிகளும் உலகில் உண்டு. அவ்வழக்குகளைத் தீர்ப்பதற்கென்றே 2007இல் ஜெனீவாவில் கூடைப்பந்து நடுவர் மன்றம் ஒன்று ஏற்பட்டது. ஒரு தொழிலுக்கென்று தனி நீதிமன்றம் வைக்க வேண்டி வந்தது என்றால், அத்தொழிலில் கூலி பாக்கி எவ்வளவு வழக்கமானது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இரு வழிகளையும் நடந்து பார்த்தவர் ஒருவரும் இருக்கிறார். கேரளத்தில் பிறந்து, சென்னையில் தென்னக இரயில்வேக்கு ஆடிய கீது அன்னா ஜோஸ், 2006இல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடச் சென்றார். அந்நாட்டு லீக் ஒன்றில் ஆடிய முதல் இந்தியப் பெண் அவரே. 2011இல் அமெரிக்க மகளிர் சங்கத்தைச் சேர்ந்த சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், சான் ஆன்டோனியோ ஆகிய மூன்று அணிகள் அவரைத் தேர்வுப் பயிற்சிக்கு அழைத்தன. மூன்று நகரங்களுக்கும் சென்று ஆடிக் காட்டினார். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. சென்னைக்குத் திரும்பினார், இரயில்வே அணியில் அவருடைய இடம் இருந்தது. இந்தியாவுக்கும் இரயில்வேக்கும் தொடர்ந்து ஆடினார். 2014இல் அர்ஜுனா விருது அவருக்கு வழங்கப்பட்டது.